முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கு,

முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்து, இப்போது இரண்டாவதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். இந்த முறையாவது சுகப்பிரசவம் ஆகாதா என்று ஏங்குகிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடியும் கத்திதான் என்ற பயம் இருக்கிறது. அதனால், நல்ல மருத்துவச்சி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன என்று உங்களில் சிலர் யோசிக்கிறீர்கள். இதை வெளியே சொல்லவும் தயக்கம். சொன்னால் மாமியார் திட்டுவார், டாக்டர் சத்தம் போடுவார், கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நிற்பார்.

நான் பிரசவ அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த செவிலி. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சுகப்பிரசவம் வேண்டும் என்ற உங்கள் ஆசை முழுக்க நியாயமானது. அதற்காக உங்களோடு சேர்ந்து நானும் வாதாடுவேன். எங்கே பெற்றுக்கொள்வது என்ற கேள்வி மட்டும் உங்கள் உயிரையும் குழந்தையின் உயிரையும் தொடுகிறது. அதில் எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் பெரும்பாலான பெண்களுக்கு முடியும், அதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் அதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கோபத்திலிருந்து தொடங்குகிறேன். அது பொய்க் கோபம் இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்குமான அளவு 34.1 விழுக்காடாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் தமிழ்ப் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடவில்லை. மாறியது நம் மருத்துவமனைகளின் பழக்கமும் பொறுமையும்தான். நீர் குறைந்துவிட்டது, கொடி சுற்றியிருக்கிறது, தலை இறங்கவில்லை, நாளைக்கு நல்ல நேரம் இருக்கிறது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. சில உண்மையான காரணங்கள், உயிரைக் காத்தவை. சில, இன்னும் ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் தேவைப்பட்டிருக்காதவை. உங்களுடையது எந்த வகை என்று யாரும் உங்களை உட்காரவைத்து விளக்கவில்லை. வெட்டிய காயத்தைவிட அந்த மௌனம்தான் பல பெண்களுக்கு இன்னும் வலிக்கிறது.

அதோடு பிரசவ அறையின் அனுபவமும் சேர்ந்துகொள்கிறது. தனியாக மல்லாக்கப் படுக்கவைத்தது, கால்களைத் தூக்கிக் கட்டியது, சத்தம் போட்டால் அதட்டியது, கேட்காமலே உள்ளே கைவிட்டுப் பார்த்தது, கணவரையோ அம்மாவையோ கதவுக்கு வெளியே நிறுத்தியது. இதையெல்லாம் அனுபவித்த ஒரு பெண் மறுபடி அந்த அறைக்குள் போகமாட்டேன் என்று சொன்னால், அவளைப் படிப்பறிவில்லாதவள் என்று ஏசுவது அநியாயம். அதே கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன என்று பெருமைப்படும் நாம், அங்கே வந்த பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி உங்கள் உடம்புக்கு வருவோம். ‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்’ என்ற வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள். 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது அது. அன்று கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக, அதன் தடித்த மேல்பகுதி வழியாக வெட்டினார்கள். அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிளக்கும் ஆபத்து அதிகம். அதனால், முதல் சிசேரியனைச் சாதாரணமாகச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் கிராகின் அதை எழுதினார். பிறகு கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் மன்றோ கெர், கர்ப்பப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று இருப்பது அந்த முறைதான். வெட்டு மாறியபோது ஆபத்தின் அளவும் மாறியது. பழைய வாசகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கணக்கு இதுதான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு குறுக்குத் தழும்போடு சுகப்பிரசவத்துக்கு முயலும் பெண்களில் 72 முதல் 75 விழுக்காட்டினர் வெற்றி பெறுகிறார்கள். சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் அது 85 முதல் 90 விழுக்காடாகக் கூடுகிறது. முந்தைய சிசேரியன், குழந்தை கால்மாறி இருந்ததற்காக நடந்திருந்தால் வாய்ப்பு நல்லது. பிரசவம் முன்னேறாமல் நின்றதற்காக நடந்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. மருத்துவமனையில் முறையான கண்காணிப்போடு நடக்கும் இத்தகைய பிரசவத்தில் குழந்தை இறக்கும் ஆபத்து, முதன்முறை பிரசவ வலிக்கு வரும் எந்தப் பெண்ணின் குழந்தைக்கும் இருக்கும் அளவுதான்.

மறுபடி சிசேரியன் செய்துகொள்வதும் ஆபத்தே இல்லாத வழி அல்ல. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (பிளசென்டா) பழைய தழும்பின்மேல் ஒட்டி, கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விடும் வாய்ப்பு ஏறுகிறது. அமெரிக்காவில் சுமார் 30,000 சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்திருந்த பெண்களில் இப்படி வேர்விட்டிருந்தது இரண்டாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 11 விழுக்காடு, மூன்றாவதுக்கு வந்தவர்களில் 40 விழுக்காடு. அந்த நிலையில் பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் உங்கள் பக்கம் இருக்கிறது. பிறகு ஏன் வீட்டில் வேண்டாம் என்கிறேன்?

காரணம், எங்கள் வார்டில் ‘ரப்சர்’ என்று சொல்லும் ஒன்று. வலி எடுக்கும்போது பழைய தழும்பு பிரிந்து கர்ப்பப்பை கிழிவது. தானாக வலி வந்து பிரசவிக்கும் பெண்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது. மருந்து கொடுத்து வலியைத் தூண்டினால் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகிறது. 200இல் ஒன்று சின்ன எண்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். சின்ன எண்தான், அடுத்த அறையில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கும்வரை. கர்ப்பப்பை கிழிந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் தடைப்படுகிறது, தாயின் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது. கிழிந்தது தெரிந்து 18 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே பிழைத்தன என்றும், அரைமணி நேரம் தாண்டியபோது மூளைப் பாதிப்புகள் வந்தன என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. 18 நிமிடம் என்பது, 108க்கு போன் செய்து, தெருவின் அடையாளம் சொல்லி, வண்டி வந்து சேரவே போதாத நேரம்.

தழும்புள்ள வயிற்றுக்காரி வலியில் இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் செவிலி என்ன செய்கிறாள் என்பதைச் சொல்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். ஒரு கை அடிவயிற்றில், பழைய தையல் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும். வலி ஏறும்போது வயிறு கல்லாக இறுகும், இறங்கும்போது தளரும். தளர்ந்ததும் கேட்பாள்: “இப்ப வலி சுத்தமா விட்டுருச்சாம்மா? தையல்கிட்ட ஏதாச்சும் நிக்குதா?” அந்தக் கேள்விக்கான பதிலில் உயிர் இருக்கிறது. இரண்டு வலிகளுக்கு நடுவிலும் தழும்பில் வலி நின்றால் அவள் எழுந்துவிடுவாள். கண் மறுபுறம், குழந்தையின் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. இயந்திரம் துப்பும் காகிதத்தில் இருக்கும். 140ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த குழந்தையின் இதயத்துடிப்பு திடீரென்று சரிந்து, ஏறாமல் நிற்கிறதா? ரப்சரின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கிறதா, தாயின் நாடி வேகமாக ஓடுகிறதா, நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுவிட்டதா, இறங்கியிருந்த தலை மேலே போய்விட்டதா என்று ஒவ்வொன்றையும் பார்ப்பாள். அவள் ஒரு குரல் கொடுத்தால் டாக்டர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை டாக்டர், குளிர்பெட்டியில் இருக்கும் ரத்தம் எல்லாம் நகரத் தொடங்கும். அந்தக் குரலைக் கேட்க யாரும் இல்லாத இடத்தில், எவ்வளவு திறமையான மருத்துவச்சியும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க முடியும்.

வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்களே என்பது நியாயமான கேள்வி. ஆம், செய்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவத்துக்கு வருபவர் பெரும்பாலும் அரசு மருத்துவச் சேவையில் வேலை பார்க்கும், பதிவு பெற்ற மருத்துவச்சி. குழந்தை பிறக்கும் நேரத்தில் பொதுவாக இரண்டு பேர் இருப்பார்கள். முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பைக் கேட்டு எழுதுவார்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பை, ஆக்சிஜன் எல்லாம் கையில் இருக்கும். பின்னால் ஆம்புலன்ஸும், பிரசவிக்கும் பெண்ணின் கோப்பு ஏற்கனவே இருக்கும் மருத்துவமனையும் இருக்கும்.

அங்கேகூட, சிசேரியனுக்குப் பிறகான பிரசவத்தை எல்லா வசதியும் உள்ள பிரசவ வார்டில், தொடர்ந்த கண்காணிப்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ராயல் கல்லூரி சொல்கிறது. இங்கிலாந்தில் சிசேரியனுக்குப் பிறகு வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட பெண்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் சுமார் 88 விழுக்காட்டினருக்குச் சுகப்பிரசவமே ஆனது. உங்களுக்கு நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அதே ஆய்வில், அந்த ஒரு சிசேரியனைத் தவிர வேறு பிரசவமே பார்த்திராத பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைப் பிரசவத்தின் நடுவிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுப் பிரசவத்துக்குப் பேர்போன நெதர்லாந்தில், முன்பு சிசேரியன் ஆன பெண் மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்படுகிறாள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல், முந்தைய சிசேரியன் இருந்தால் வீட்டுப் பிரசவம் கூடவே கூடாது என்று சொன்னது. அதற்குக் காரணம் உண்டு. மருத்துவச்சிகள் பார்த்த வீட்டுப் பிரசவங்களைத் தொகுத்து 2015இல் வந்த அமெரிக்க ஆய்வில், முன்பு சிசேரியன் ஆன 1,052 பெண்கள் இருந்தார்கள். 87 விழுக்காட்டினர் சுகமாகவே பெற்றார்கள். ஆனால் பிரசவத்தின்போதோ பிறந்த சில நாட்களிலோ குழந்தை இறந்த விகிதம் ஆயிரத்துக்கு 4.75. சிசேரியன் ஆகாத பெண்களிடம் அது 1.24. நூற்றில் 87 பேர் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் கதைகள் உங்கள் காதுக்கு வந்து சேரும். மற்றக் கதைகளைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

லண்டனிலோ டொரன்டோவிலோ வாழும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பதிவு பெற்ற மருத்துவச்சி இருக்கிறார், அவரோடு உட்கார்ந்து பேசும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இந்த எண்களை அவர் முன்னால் வைத்து, உங்கள் வீட்டுக்கும் தியேட்டருக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று கேட்டு முடிவெடுங்கள். முதல் முயற்சியை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அங்கேயும் என் கருத்து.

தமிழ்நாட்டில் நிலைமையே வேறு. இங்கே வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும் உரிமமும் பொறுப்பும் பெற்ற மருத்துவச்சி அமைப்பு கிடையாது. நான் படித்து முடித்தபோது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் குழுமம் கொடுத்த சான்றிதழில் என்னைச் செவிலி, தாதி என்று இரண்டாகவும் பதிந்திருந்தார்கள். 1926ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் மரபு அது. ஆனால் சான்றிதழில் இருக்கும் தாதிக்கு வார்டில் தனியாக முடிவெடுக்கும் இடம் இல்லை, வார்டுக்கு வெளியே அவளுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவப் பிரிவுகளை அமைப்பது அதன் திட்டம். நல்ல திட்டம். ஆனால் அதிலும் வீட்டுப் பிரசவத்துக்கு இடமில்லை.

ஆகவே இங்கே உங்களிடம் வந்து “வீட்டிலேயே பார்த்துக்கலாம், பயப்படாதீங்க” என்று சொல்பவர் யார் என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம், இயற்கை வாழ்வு பேசுபவராக இருக்கலாம். நல்ல எண்ணம் உள்ளவராகவே இருக்கலாம். நஞ்சு வராமல் ரத்தம் ஓடும்போது அவர் கையில் என்ன ஊசி இருக்கிறது? எந்த மருத்துவமனை அவர் சொல்லை ஏற்றுத் தியேட்டரைத் திறக்கும்? 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள முயன்ற ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தார். கணவர் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த எல்லாரும் அந்தக் குடும்பத்தைத் திட்டினார்கள். மருத்துவமனையை விட்டு அவர்களை விலகவைத்தது எது என்று கேட்டவர்கள் குறைவு. நான் அதையும் கேட்கிறேன், உங்களை அந்த இடத்தில் பார்க்கவும் மறுக்கிறேன்.

வீட்டுப் பிரசவத்தில் நீங்கள் தேடுவது எவை என்று உங்களில் பலரிடம் கேட்டிருக்கிறேன். தெரிந்த முகம் ஒன்று கூடவே இருக்க வேண்டும். எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். யாரும் அதட்டக் கூடாது. தேவையில்லாமல் டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. பிறந்ததும் குழந்தையை நெஞ்சில் போட வேண்டும். இதில் ஒன்றுகூட வீட்டில்தான் கிடைக்கும் என்று இல்லை. எல்லாமே மருத்துவமனை தரக்கூடியவை, தர வேண்டியவை. பிரசவ நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது என்று 26 ஆய்வுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்து உறுதிசெய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஒருவரை உள்ளே அனுமதிக்கும் திட்டமும் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அது நினைவூட்டப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இப்படி நடந்த ஒரு பிரசவம் எனக்குக் கண்முன் நிற்கிறது. முன்பு சிசேரியன் ஆன ஒரு பெண், பழைய ஆபரேஷன் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு, வலி தொடங்கியதுமே வந்துவிட்டாள். கூட அவள் அம்மா. வயிற்றில் சி.டி.ஜி. பெல்ட்டைக் கட்டினாலும் கட்டிலின் ஓரத்தில் உட்கார விட்டோம், பிறகு நிற்க விட்டோம். வலி வரும்போதெல்லாம் அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டினாள். டிரிப்ஸில் மருந்து எதுவும் ஏற்றவில்லை, ஊசி மட்டும் கையில் தயாராக இருந்தது. தியேட்டரில் மயக்க டாக்டருக்குச் சொல்லிவைத்திருந்தோம், இரண்டு யூனிட் ரத்தம் பொருத்தம் பார்த்து வைத்திருந்தோம். விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. தியேட்டரும் ரத்தமும் தேவைப்படவில்லை. அவை இருந்ததால்தான் நாங்கள் பொறுமையாக இருக்க முடிந்தது.

அதேபோல உங்களுக்கும் நடக்க, இப்போதே சில காரியங்கள் செய்யுங்கள்.

முதலில், பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காக வெட்டினார்கள், குறுக்காகவா நெடுக்காகவா, வெட்டு நீண்டு கிழிந்ததா என்பது அதில் இருக்கும். தோலில் இருக்கும் தழும்பை வைத்து உள்ளே இருக்கும் வெட்டைச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தாலோ, முன்பே ரப்சர் ஆகியிருந்தாலோ, நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தாலோ சுகப்பிரசவ முயற்சியே கூடாது. ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது, பழைய தழும்பின்மேல் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது இடைவெளி. முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் இடையே 18 மாதத்துக்கும் குறைவாக இருந்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடும். இன்னும் கருத்தரிக்காதவர்கள் இதை மனதில் வையுங்கள். ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ளுங்கள். ரத்தக்குறை உள்ள உடம்பு, மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கைத் தாங்காது.

பிரசவம் பார்க்கும் இடத்தை ஆறாம், ஏழாம் மாதத்திலேயே தேர்ந்தெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் முன்பு சிசேரியன் ஆனவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம், அது சரியும்கூட. உங்கள் பக்கத்து அரசு அவசரப் பிரசவ சிகிச்சை (சீமாங்) மையத்திலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தனியாரிலோ, டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் இங்கே பார்க்கிறீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் வளாகத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் இங்கேயே இருக்கிறதா? அவசரம் என்றால் எத்தனை நிமிடத்தில் குழந்தையை எடுப்பீர்கள்? என் அம்மா கூட இருக்கலாமா? பெல்ட்டோடு நான் உட்காரலாமா, நிற்கலாமா? “பார்க்கலாம்மா” என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். கடைசி வாரத்தில் தேடாதீர்கள்.

நாள் தள்ளிப்போனால் வலி வரவைப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசிவையுங்கள். மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்புள்ள கர்ப்பப்பைக்கு வலி தூண்டப் பயன்படுத்தக் கூடாதது. எந்த மருந்து, எந்த அளவு என்பதை மூத்த டாக்டர் முடிவெடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள் என்று விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். யாரிடமும் வலி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வலி முறையாக வரத் தொடங்கியதும், பனிக்குடம் உடைந்ததும், துளி ரத்தம் பட்டதும் கிளம்பிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் திறக்கட்டும், போனால் வெட்டிவிடுவார்கள் என்று வீட்டில் காத்திருப்பதுதான் நான் பார்த்ததிலேயே மிக ஆபத்தான பழக்கம்.

மறுபடியும் சிசேரியன் என்று நீங்களே முடிவெடுத்தாலும், முயன்று பார்த்துக் கடைசியில் அப்படி முடிந்தாலும், அதில் தோல்வி எதுவும் இல்லை. முயல்கிறவர்களில் நாலில் ஒருவருக்கு அப்படித்தான் முடியும். இரண்டோடு போதும், கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு, அடுத்தடுத்த தழும்புகளைப் பற்றி நான் மேலே சொன்ன கவலை அவ்வளவாகப் பொருந்தாது. அதையும் சேர்த்து எடைபோடுங்கள். முடிவு உங்களுடையதாக, விவரம் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் பிடிவாதம்.

உங்களுக்காக நாங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. சிசேரியன் ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏன் வெட்டினோம், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு உண்டா என்று டிஸ்சார்ஜ் அன்றே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை ஒவ்வொரு சீமாங் மையத்திலும் அமர்த்தி, அவர்களுக்கு முடிவெடுக்கும் இடமும் கொடுக்க வேண்டும். மருத்துவச்சியும் தியேட்டரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், வீட்டைத் தேட வேண்டிய தேவை உங்களுக்கு வராது. இதைக் கேட்கும் குரல் செவிலிகளிடமிருந்து மட்டும் வந்தால் போதாது. கர்ப்பிணிகள் கேட்டால் நிர்வாகம் அசையும்.

தங்கைகளே, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது இந்த மடலையும் பழைய ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, “எனக்குச் சுகப்பிரசவத்துக்கு முயல வாய்ப்பு வேண்டும், அதை இங்கே, பாதுகாப்போடு வேண்டும்” என்று சொல்லுங்கள். ஒரு டாக்டர் மறுத்தால் காரணம் கேளுங்கள். காரணம் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள். வீட்டுக் கதவை மட்டும் அதற்காகச் சாத்திக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஒரு பிரசவ வார்டு செவிலி